மஞ்சள் சுவரில் விழுந்த நிழல்

இருபத்திரண்டு வருடமாக மதுரையில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவள் நான். மாப்பிள்ளை முகம், பெண் முகம், பந்தியில் வாய் நிறையச் சோற்றோடு மாட்டிக்கொண்ட பெரியப்பா முகம் என்று எடுத்து எடுத்து, மனித முகம் என்றாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். அதனால் ஊரைவிட்டு வெளியே போனால் பெரிய கேமராவைத் தொடமாட்டேன். அமுக்கியவுடன் படத்தை வெளியே தள்ளுகிற பொம்மை மாதிரி ஒன்று வைத்திருக்கிறேன். அதில் தெருவில் விழுகிற நிழல்களை மட்டும் எடுப்பேன். நிழல், "நான் குண்டாத் தெரியிறேனா?" என்று கேட்காது. இன்னொரு பிரதியும் கேட்காது. கேட்டாலும் கொடுக்க முடியாது. இந்தக் கேமராவில் ஒரு படத்துக்கு ஒரு தாள்தான்.

மட்டக்களப்புக்குப் போனது தோழி மகன் கல்யாணத்துக்கு, வெறும் விருந்தாளியாக. கல்யாணம் முடிந்து நான்கு நாள் கையில் இருந்தது. பையில் மூன்று டப்பா பிலிம் இருந்தது. அந்த நான்கு நாளைப் பற்றி எழுதாமலே விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். முடியவில்லை.

முதல் நாள் காலை, தங்கியிருந்த இடத்திலிருந்து நடந்து பஸ் நிலையத்துப் பக்கம் வந்தபோது ஓர் உயரமான மஞ்சள் சுவரைப் பார்த்தேன். ஏதோ பழைய கிட்டங்கியின் பின்சுவர். மேற்குப் பார்த்தது. அதன் நிழலில் ஏழெட்டு ஓட்டோக்கள் ஒதுங்கி நின்றன. நம் ஊர் ஆட்டோ அங்கே ஓட்டோ. நண்பகல் தாண்டி வெயில் திரும்பிச் சுவரிலேயே அறையத் தொடங்கினால் வண்டிகள் எல்லாம் எதிர்ப்பக்க வாகை மரத்தடிக்கு மாறிவிடும் என்று பிறகு பார்த்துத் தெரிந்துகொண்டேன். எந்தச் சுவருக்கு எந்த நேரம் வெளிச்சம் வரும் என்பதுதான் என் பிழைப்பு.

சுவரடியில் ஒரு பெண் சுளகில் வறுத்த கச்சான் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். நம் நிலக்கடலைதான். ஒரு சுருள் வாங்கினேன். எங்கே போகவேண்டும் என்று கேட்டார். நிழல் படம் எடுக்கவேண்டும் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முன்னால் நின்ற வண்டியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இஞ்சாருங்க, இந்தத் தங்கச்சிக்கு நிழல் வேணுமாம். வெயிலுக்குள்ள கூட்டிக்கொண்டு போங்க."

தங்கராசா அண்ணன் எனக்கு அறிமுகமானது அப்படித்தான். கச்சான் விற்ற நேசம்மா அவர் மனைவி. அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வலது காலில் ரப்பர் செருப்பு. இடது காலில் கறுப்பு ஷூ, அங்கே சப்பாத்து, சாம்பல் நிறக் காலுறை. எனக்கு வாய் சும்மா இருக்காது.

"ஒரு காலுக்கு மட்டும் கல்யாணமா அண்ணே?"

"சின்னக் காயம் தங்கச்சி. மண் படக்கூடாதெண்டு" என்று சிரித்தார்.

அன்று முழுக்க, வாவிக்கு நடுவில் இருக்கிற புளியந்தீவைச் சுற்றினோம். கோட்டை மதிலில் பீரங்கி நிழல், சந்தையில் தராசு நிழல், தையற்கடை வாசலில் தொங்கிய தலையில்லாத சட்டைகளின் நிழல். கேமராவின் ஃபிளாஷை நிறுத்த முடியாது, அது மின்னினால் நிழல் செத்துப்போகும். அதனால் அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருந்தேன். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "கண்ணக் கட்டித்தான் வேலை வாங்குறீங்க" என்றார். கோட்டையில் சுற்றுலா வந்த ஒரு சிங்களத் தம்பதி, நான் தரையைக் குனிந்து குனிந்து எடுப்பதைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன். "இந்தியாவில நிழல் இல்லையா எண்டு கேக்கிறாங்க" என்று மொழிபெயர்த்தார்.

வண்டிக்குள் ஒரு நாற்றம் இருந்தது. கருவாடு மாதிரி, ஆனால் கருவாடு இல்லை. மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, "உங்கள் வாவி ரொம்ப நாறுகிறதே" என்றேன். "ஓம் தங்கச்சி, காத்து மாறினா அப்பிடித்தான்" என்றார். மத்தியானம் ஒரு கடையில் கணவாய்க் கறியும் சோறும் தின்றோம். பிறகு சட்டித் தயிரில் பாணி என்கிற இனிப்புப் பாகு ஊற்றி வந்தது. அந்தத் தயிரை வெட்டி எடுக்கலாம். மதுரையில் தயிர் என்ற பெயரில் நான் ஊற்றிக்கொள்வது என்ன என்று யோசித்தேன். அண்ணன் இரண்டு முறை பாணி ஊற்றிக்கொண்டார். வீட்டில் சொல்லவேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். மறுநாளும் அவர் வண்டிதான் என்று பேசிவைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலை அதே சுவரடிக்குப் போனேன். நேசம்மாவின் கச்சான் சுளகுக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பை இருந்தது. படுக்கை விரிப்பு, தட்டு, கோப்பை, சுடுதண்ணிப் போத்தல் எல்லாம் வாய்க்கு வெளியே தெரிந்தன. நேசம்மா அண்ணனிடம் பேசவில்லை. நேராக என்னிடம் பேசினார்.

"இவர்ர கால எடுக்கணும் எண்டு டொக்டர் சொல்லி ஒரு கிழமையாகுது தங்கச்சி. சீனி வருத்தம். திங்கக்கிழமை ஆஸ்பத்திரி வாட்டுக்கு வரச் சொன்ன. இண்டைக்குப் புதன். நேத்துக் கேட்டா ஹயர் எண்டுறார். இந்தியாவில இருந்து வந்த ஆள நடுவில விட ஏலாதாம்."

சீனி வருத்தம் நம் சர்க்கரை நோய், ஹயர் நம் சவாரி. அந்த நாற்றம் வாவி இல்லை. அதை மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன்.

"அண்ணே, இப்போதே ஆஸ்பத்திரிக்கு விடுங்கள்" என்று பையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். "சரி" என்றார். வண்டி கிளம்பியது. கல்லடிப் பாலம் வந்தது. பாலத்தைத் தாண்டித் தெற்கே போய்க்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரி பாலத்துக்கு இந்தப் பக்கம் என்பது எனக்கே தெரியும். கத்தினேன். "நாளைக்குப் போறன் தங்கச்சி. இண்டைக்கு ஒரு நாள். பெரியகல்லாத்தில வலை காயிற நிழல் இருக்கு, நீங்க அப்பிடி எங்கயும் எடுக்க ஏலாது" என்றார்.

இறங்கியிருக்கவேண்டும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி என்று சாலை நீண்டு போனது. குருக்கள்மடம் தாண்டும்போது நான் கத்துவதை நிறுத்தியிருந்தேன். வலை நிழலை நினைக்கத் தொடங்கியிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெரியகல்லாற்றில் வண்டி மணலில் புதைந்தது. உச்சி வெயில். நான் இறங்கிச் செருப்பைக் கழற்றித் தள்ளப் பார்த்தேன், இரண்டு எட்டுக்கு மேல் மணலில் கால் வைக்க முடியவில்லை. அண்ணன் சப்பாத்தைக் கழற்றி வண்டிக்குள் வைத்துவிட்டு, கட்டுப் போட்ட காலோடு இறங்கி நின்றார். சுடுகிற மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. கட்டுக்கு வெளியே விரல்கள் தெரிந்தன. மூன்று விரல் கறுப்பு. கரிக்கட்டை மாதிரி என்று சொன்னால் மிகையில்லை.

அக்கம்பக்கத்து மீனவர்கள் வந்து வண்டியைத் தூக்கிவிட்டார்கள். அப்புறம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். நான் கேட்காமலே சொன்னார்.

"வருசா வருசம் அம்மன் கோயில் சடங்கில நான் தீ மிதிக்கிற. பதினெட்டு வயசில இருந்து. முதல்ல எல்லாம் சுடும். ஓடித்தான் கடப்பன். மூணு வருசத்துக்கு முன்ன மிதிக்கக்குள்ள சூடே தெரியல்ல தங்கச்சி. நடந்து போனன். ஆறுதலா, அடியடியா. சனமெல்லாம் பாத்துக்கொண்டு நிண்ட. அம்மாள் என்னைக் கையில ஏந்திக்கொண்டு போறா எண்டு நினைச்சன்."

"பிறகு?"

"மறு வருசமும் சுடல்ல. இந்த வருசம் நெருப்புக்குள்ள நிண்டு கும்பிட்டுட்டு வந்தன். அடுத்த கிழமை காலில தண்ணி வடியுது. டொக்டர் ஊசியால குத்திப் பாத்தார். எனக்கு ஒண்டும் தெரியல்ல. நரம்பு செத்து மூணு நாலு வருசம் எண்டார்."

அவர் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கால வெட்டச் சொல்லி நான் சைன் வைக்கணுமாம். வச்சா என்ன அருத்தம்? அம்மாள் என்னை ஏந்தவே இல்லை, அது வெறும் சீனி எண்டு நானே எழுதிக் குடுக்கிறதுதானே?"

நான் கோயிலுக்குப் போகிறவள்தான். "உங்கள் உயிரைக் காப்பாற்றச் சொன்னதும் அம்மாளாக இருக்கலாமே அண்ணே" என்று ஏதோ சொன்னேன். எனக்கே அது கல்யாண வீட்டில் சொல்கிற ஆறுதல் மாதிரி இருந்தது. வலை நிழல் படம் நன்றாக வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாலையில் சுவரடிக்குத் திரும்பினோம். நேசம்மா எதிர்ப்பக்க மரத்தடியில் காத்திருந்தார். அண்ணனைத் திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை உப்பும் மணலுமாகச் சொரசொரத்தது.

"நாளைக்கு விடியக் கல்லாத்துக் கோயிலுக்குப் போய் இவருக்காக நேத்தி வைக்கப் போறன். ஆம்பிள வாட்டில பாக்கிற நேரம் அஞ்சு மணிதான், அதுக்கு வந்திடுவன். நீங்க காலையில இவரக் கொண்டு போய் விடுங்க தங்கச்சி. என்ட சொல்லுக்கு அடங்க மாட்டார். வெளி ஆள் சொன்னா வெக்கத்துக்காவது கேப்பார்."

"ஒன்பது மணிக்கு வார்டில் இருப்பார். என் பொறுப்பு அக்கா" என்றேன்.

மூன்றாம் நாள் காலை ஏழரைக்கெல்லாம் அண்ணன் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. துணிப்பை பின்னிருக்கையில் இருந்தது. என் கேமராவில் நான்கு தாள் மிச்சம். வண்டி நகர்ந்ததும் அவர் திரும்பாமலே சொன்னார்.

"நேரம் கிடக்கு. காத்தான்குடியில நடு ரோட்டில பேரீச்ச மரம் நிக்குது எண்டு கேட்டீங்களே. ஒரு எட்டுப் போய் வருவமா? ஒம்பதுக்கு முன்ன திரும்பிடலாம்."

அவர் பயத்தில் கேட்டார். எனக்கு அது தெரியும். தெரிந்தும், "போகலாம்" என்றேன். காலைச் சாய்வெயிலில் பேரீச்ச ஓலையின் நிழல் தாரில் எப்படி விழும் என்று கண்ணுக்குள் வந்துவிட்டது. இந்த இடத்தை எழுதும்போது எனக்கு என்மேல் வருகிற கோபத்தை வேறு யார்மேலும் நான் பட்டதில்லை.

காத்தான்குடிக்குப் போனதும் மேகம் வந்து மறைத்தது. மேகம் போகட்டும் என்று காத்திருந்தேன். போனது, இன்னொன்று வந்தது; இடையிடையே மூன்று தாள் தீர்ந்தது. ஒன்பது தாண்டியது. பத்து தாண்டியது, பதினொன்றும். அண்ணன் ஒருமுறைகூட நேரம் கேட்கவில்லை. ஒரு துணிக்கடைக்காரர் எங்களுக்குப் பால் ஊற்றாத பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். "காய்ச்சுத் தொங்குது, பழத்தப் பாக்காம நிழலப் பாக்கிறீங்க" என்று என்னைக் கிண்டல் செய்தவர், கோப்பையை வாங்கும்போது அண்ணன் கையைத் தொட்டுவிட்டு முகம் மாறினார்.

"மிஸ், இவருக்குக் காய்ச்சல் காயுது. கண்ணப் பாருங்க. முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

பார்த்தேன். கண் சிவந்து பளபளவென்று இருந்தது. கிளம்பினோம். பாதி வழியில் பின் டயர் காற்றுப் போனது. ஆள் தேடி அதை ஒட்டி முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல். அந்த நேரத்தை மட்டும் என் தலையில் கட்டாதீர்கள் என்று சொல்ல ஆசை; ஆனால் ஒன்பதுக்கு வார்டில் விட்டிருந்தால் அந்த டயர் எங்கே பஞ்சரானால் எனக்கென்ன? அப்புறம் அவர் பிரியாணி கேட்டார். "வாட்டில என்ன தருவாங்களோ" என்றார். வேறு வண்டி பிடித்து இழுத்துப் போயிருக்கலாம். உட்கார்ந்து பிரியாணி தின்றேன். நல்ல பிரியாணி, பல்லில் படாமல் கரைகிற இறைச்சி. அவர் இரண்டு வாய்க்கு மேல் தின்னவில்லை.

ஊருக்குள் வரும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. மஞ்சள் சுவர் வந்ததும் வண்டியை நிறுத்தினார். சுவரடியில் ஒருவரும் இல்லை. ஓட்டோக்கள் எல்லாம் எதிர்ப்பக்க மரத்தடியில். சுவர் முழுக்க வெயில்.

"எத்தின தாள் இருக்கு?"

"ஒன்று."

"என்ட இடத்தில என்னை எடுங்க தங்கச்சி. முகம் வேணாம். ரெண்டு காலோட நிழல் மட்டும்."

சப்பாத்தையும் செருப்பையும் கழற்றிவிட்டு, சுவருக்குக் கிட்டே காலை அகட்டி நின்றார். அவர் உடம்பு படத்தில் வராதபடி பக்கவாட்டில் போய், கறுப்பு டேப்பை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு எடுத்தேன். தாள் வெளியே வந்ததும் வெயில் படாமல் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். மெதுவாக மஞ்சள் வந்தது. அதில் ஒரு மனிதர் கறுப்பாக, நேராக, இரண்டு காலில் நின்றார்.

"இதில எது வருத்தக் கால் எண்டு சொல்லுங்க பாப்பம்?"

பார்த்தேன். தெரியவில்லை. நிழலுக்கு முன்பக்கம் பின்பக்கம் இல்லை. "சொல்ல முடியாது அண்ணே" என்றேன். அந்த நான்கு நாளில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். "அப்ப சைன் வைக்கலாம்" என்றார்.

வார்டில் சேர்க்கும்போது நான்கு மணி. இளம் டாக்டர் ஒருவர் கட்டைப் பிரித்தார். கறுப்பு கணுக்காலைத் தாண்டி, அதற்கு மேலே சிவப்பு ஏறியிருந்தது. என்னை வெளியே கூப்பிட்டார்.

"காலையில வந்திருந்தா இண்டைக்கே தியேட்டருக்கு எடுத்திருப்பம். முழங்காலுக்குக் கீழ முயற்சி செய்திருக்கலாம். இனி நாளைக்குத்தான். முழங்காலுக்கு மேல வெட்ட வேண்டி வரும்."

முழங்கால் இருந்தால் பொய்க்கால் கட்டி வண்டி ஓட்டலாம், இல்லாவிட்டால் கஷ்டம் என்றும் சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

ஐந்து மணிக்கு நேசம்மா வந்தார். நெற்றியில் திருநீறு, கையில் கோயில் பிரசாதம். டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பிந்திப் போச்செண்டு சொல்றார். எத்தின மணிக்கு வந்தீங்க?"

"ஒம்பது மணிக்கே வந்திட்டம். பிந்தினதெண்டு அவர் அந்த ஒரு கிழமையச் சொல்றார்" என்றார் அண்ணன். "தங்கச்சியக் கேளு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமாம் அக்கா. ஒன்பது மணிக்கு."

நேசம்மா என் தலையில் கை வைத்து, நல்லா இருக்கணும் என்றார்.

நான்காம் நாள் எந்தப் படமும் எடுக்கவில்லை. தாளும் இல்லை. மாலை பார்வை நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அறுவை காலையிலேயே முடிந்திருந்தது. அண்ணன் மயக்கமும் தூக்கமுமாகக் கிடந்தார். நேசம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போயிருந்தேன். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

"தியேட்டருக்குக் கொண்டு போகக்குள்ள இத என்ட கையில தந்த" என்று நேசம்மா தலையணைக்கு அடியிலிருந்து படத்தை எடுத்தார். "ரெண்டு காலும் இருக்கு, பத்திரமா வை எண்டார். நீங்கதானே எடுத்த?"

"ஆமாம் அக்கா."

"எப்ப எடுத்தது?"

"நேற்றுத்தான். இங்கே வருகிற வழியில்."

"ஒம்பது மணிக்கு முன்னயா?"

"ஆமாம்."

நேசம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நான் பதினஞ்சு வருசமா இந்தச் சுவருக்குக் கீழ கச்சான் விக்கிறன் தங்கச்சி. காலையில இது நிழல் தாற சுவர். பகல் திரும்பினாப் பிறகுதான் இதில வெயில் விழும்."

அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். டயர் பஞ்சர் ஆனதைச் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

"கொண்டு போங்க" என்று படத்தை என் கையில் வைத்தார். "இவர் கேட்டா, துலைஞ்சு போச்செண்டு நான் சொல்றன்."

பிறகு எழுந்து, அண்ணன் மேலிருந்த போர்வையை இழுத்துச் சரிசெய்தார். வலது பக்கம் போர்வை பாதம்வரை மேடாக இருந்தது. இடது பக்கம் தொடையோடு மேடு முடிந்து, அதற்குக் கீழே மெத்தையில் படிந்து கிடந்தது.